தாய் அறையில் மஞ்சள் விழுந்த மாதம்

எங்கள் ஆட்களின் விழாக்களில் “எங்கை வேலை?” என்று யாராவது கேட்டால், முன்பெல்லாம் தக்காளித் தோட்டத்தில் என்று சொல்லிவிட்டு வடையைக் கடித்துக்கொண்டிருப்பேன். இப்போது கஞ்சாத் தோட்டத்தில் என்று சொல்லவேண்டியிருக்கிறது. கேட்டவரின் முகம் போகிற போக்கைப் பார்க்கவேண்டும். டென்மார்க்கில், ஹோர்சன்ஸ் நகரில் ஒரு சாமத்தியவீட்டில், பிள்ளை பெரியவளான விழாவில், ஓர் அண்ணர் என்னை ஒரு பக்கமாகக் கூப்பிட்டு, “தங்கச்சி, பொலிஸ் பிடிக்காதோ?” என்று மெல்லக் கேட்டார். “பிடிக்காது அண்ணை. அரசாங்கம்தான் வந்து செடியை எண்ணிப் பாத்திட்டுப் போகுது” என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த கிழமையே நான் ஏதோ கடத்துகிறேன் என்று ஊருக்குள் கதை வந்துவிட்டது. எங்கள் ஆட்களின் வாய்க்கு வேலி கிடையாது. என் வாய்க்கும் கிடையாது என்றுதான் நானும் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

வேலை இதுதான். ஹோர்சன்ஸுக்கு வெளியே, காரில் இருபது நிமிடம். பதினொரு வருடம் அங்கே தக்காளியும் வெள்ளரிக்காயும் கட்டியிருக்கிறேன். பிறகு முதலாளி இடத்தை விற்றார். வாங்கியவர்கள் கண்ணாடிக் கூரையைக் கழற்றிவிட்டு யன்னலே இல்லாத அறைகளாகக் கட்டி, மேலே லைற்றுகளைத் தொங்கவிட்டு, மருந்துக்கான கஞ்சாவை வளர்க்கத் தொடங்கினார்கள். பூவைக் காயவைத்து, எண்ணெய் எடுத்து, தாங்க முடியாத வலி உள்ளவர்களுக்கு மருந்தாகப் போகிறது. தக்காளிக்காரர்களில் என்னை மட்டும் வைத்துக்கொண்டார்கள். காரணம் என் கண்.

பெருமைக்காகச் சொல்லவில்லை. சரி, பெருமைக்காகத்தான் சொல்லுகிறேன். ஒரு செடிக்கு என்ன குறை என்று இலையைப் பார்த்துச் சொல்லுவேன். முதலில் மஞ்சள் எங்கே தொடங்குகிறது என்று பார்க்கவேண்டும். அடி இலைகள் முழுதாக வெளிறி விழுந்தால் நைதரசன் போதாது. அடி இலைதான், ஆனால் நரம்பு பச்சையாக நிற்க இடையில் மட்டும் மஞ்சள் என்றால் மக்னீசியம். நுனியில் வருகிற புதுக் குருத்து மஞ்சளாக வந்தால் இரும்பு. இலையின் ஓரம் கருகினால் பொட்டாசியம். நுனி மட்டும் கருகி இலை கீழே வளைந்தால் குறை அல்ல, கூடிப்போச்சு, பசளையைக் குறை. இதையெல்லாம் டெனிஷ் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வருகிறார்கள், போனில் படம் வைத்து ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நான் வாசலில் நின்றே சொல்லிவிடுவேன். எங்கள் பொறுப்பாளர், என்னைவிடப் பதினைந்து வயது குறைந்த டெனிஷ்காரி, பிற அறைகளிலிருந்து இலைகளைப் படம் பிடித்து எனக்கு அனுப்பி, “இது என்ன?” என்று கேட்பாள். பத்தில் ஒன்பது தரம் நான் சொன்னது சரியாக இருந்தது. பத்தாவது தரத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை.

என் சிநேகிதி, மன்னார்க்காரி ஒருத்தியை அங்கே வேலைக்குச் சேர்த்தது நான்தான். என்னைவிட ஒன்பது வயது இளையவள். கல்யாணம் முடித்து டென்மார்க்குக்கு வந்தவள். மாதா கோயிலில்தான் பழக்கம். அவள் கத்தோலிக்கம், நான் சைவம், ஆனாலும் மாதாவுக்கு மெழுகுதிரி கொளுத்த நானும் போவேன், யாருக்கு என்ன நட்டம்? அவளுடைய மனிசன் வெளியில் பார்த்தால் தங்கமான ஆள். தலையை ஆட்டி, “சுகமா இருக்கிறியளோ அக்கா” என்று கேட்பார். வேலைக்கு உடுப்பு மாற்றுகிற அறையில் அவள் மேற்சட்டையைக் கழற்றியபோது, தோளுக்குக் கீழே விரல் விரலாக நீலம் பாரித்திருந்ததைக் கண்டேன். நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். “பழகிப் போச்சு அக்கா.” எனக்கு வந்த கோபத்தில் அலுமாரிக் கதவை அடித்துச் சாத்தினேன்.

அவள் ஏன் அந்த வீட்டை விட்டு வெளிக்கிடவில்லை என்று கேட்பவர்களுக்கு ஒரு விஷயம் சொல்லவேண்டும். அவளுடைய விசா அந்த மனிசனோடு கட்டப்பட்டது. பிரிந்தால் விசா போகும். அடித்ததை நிரூபித்தால் இருக்கவிடுவார்கள் என்று கொம்யூனில், அதுதான் நகரசபைக் கந்தோரில், ஒருத்தி சொன்னாளாம். நிரூபிக்கிறதென்றால் பொலிசுக்குப் போகவேண்டும், படம் எடுக்கவேண்டும், அவனுடைய அண்ணன் தம்பிமார் முகத்தில் முழிக்கவேண்டும். அவள் அதற்கு ஆயத்தமில்லை. வேறு ஒரே ஒரு வழிதான் இருந்தது. இடைவெளி விழாமல் முழுநேர வேலை செய்து, தேவையான வருடங்களை முடித்தால் நிரந்தர வதிவிட அனுமதி கேட்கலாம். அது கிடைத்தால் அவன் யாரோ, இவள் யாரோ. விண்ணப்பம் போடுகிற நாளிலும் கையில் வேலை இருக்கவேண்டும். ஒரு நாள் காலை காரில் போகும்போது அவள் சொன்னாள். “இன்னும் ஏழு மாசம் அக்கா. பிறகு நான் அந்த வீட்டிலை ஒரு கரண்டி கூட எடுக்காமல் வெளிக்கிட்டிடுவன்.”

அவளை வேலைக்குப் போக அந்த மனிசன் விட்டதே என்னுடைய காரில் போய் என்னுடைய காரில் வருகிறாள் என்பதால்தான். வேறு எங்கும் விடமாட்டான். அதுவும் எனக்குத் தெரியும். எல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது என்பதை இங்கேயே எழுதி வைக்கிறேன். பிறகு தெரியாதது மாதிரி நான் கதைத்தால் நம்பவேண்டாம்.

எங்கள் இருவருக்கும் தாய் அறைதான் பொறுப்பு. மருந்துக்குப் பூக்கிற செடிகளை விதை போட்டு வளர்ப்பதில்லை. நல்ல செடிகளாகத் தெரிவுசெய்து, பூக்கவிடாமல் வைத்து, அவற்றின் கிளைகளை வெட்டி நட்டுத்தான் மற்ற அறைகள் எல்லாம் நிரம்புகின்றன. அந்தச் செடிகளுக்குத் தாய்ச் செடிகள் என்று பெயர். அறுபது நின்றன. அவற்றுக்கு ஏதாவது நடந்தால் பத்து அறைகள் காலி.

பெரிய அறைகளில் தண்ணீரையும் பசளையையும் மெசின் கலக்கும். தாய் அறை சின்னது என்பதால் தொட்டியில் நாங்கள் கையால் கலந்தோம். பசளை போட்ட பிறகு தண்ணீரின் புளிப்பை அளக்கவேண்டும். இந்தப் பக்கத்துத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், அமிலம் விட்டுத்தான் இறக்கவேண்டும். அந்த அளவு பிசகினால் பசளை தொட்டியில் இருந்தும் செடியால் எடுக்க முடியாது, சோற்றை முன்னால் வைத்துவிட்டுக் கையைக் கட்டிவிடுகிற மாதிரி. அளப்பதற்குப் பேனா அளவில் ஒரு மீற்றர் இருந்தது. அதன் நுனியில் குண்டுமணி மாதிரி ஒரு கண்ணாடி. திரை ஐந்து தசம் எட்டு என்று காட்டுகிற வரைக்கும் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். காலையில் அளந்து, கலந்து, கொப்பியில் எழுதிக் கையெழுத்து வைப்பது மன்னார்க்காரியின் வேலை. பின்னேரம் அறையைக் கூட்டித் துடைத்து, சாமான்களைக் கழுவி வைப்பது என்னுடைய வேலை.

அந்த மீற்றர் மூடியைச் சுற்றி எப்போதும் வெள்ளையாக ஏதோ படிந்துகிடந்தது. மூடிக்குள்ளே கொஞ்சம் கலங்கல் தண்ணீர். எனக்கு அதைக் கண்டாலே அருவருப்பு. மருந்து செய்கிற இடம், தலைக்கும் தாடிக்கும் வலை போட்டுக்கொண்டு திரிகிறார்கள், மீற்றரைப் பார்த்தால் உப்புப் பூத்த ஊத்தை. வெள்ளைக்காரருக்குச் சுத்தம் என்றால் நிலத்தைத் துடைப்பது மட்டும்தான் என்று வாய்க்குள் திட்டிக்கொண்டு, ஒரு பின்னேரம் அதைக் கழற்றி, மூடியை உரஞ்சிக் கழுவி, கண்ணாடி நுனியைக் குழாய்த் தண்ணீரில் அலசி, ரிஷூக் கடதாசியால் ஈரம் போகத் துடைத்து, சிங்குக்குப் பக்கத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்து வைத்தேன். எங்கள் வீடுகளில் எந்தப் பாத்திரத்தையும் அப்படித்தான் வைப்போம். கழுவினது கவிழ்ந்திருக்கவேண்டும், ஈரம் இருக்கக்கூடாது. அன்றிலிருந்து ஒவ்வொரு பின்னேரமும் அப்படியே செய்தேன். மீற்றர் பளபளவென்றிருந்தது.

இரண்டு கிழமை கழித்து ஒரு காலை மன்னார்க்காரி மூடியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். “அக்கா, இதுக்குள்ளை முந்தி ஏதோ தண்ணி நிண்டதெல்லோ?”

“ஊத்தைத் தண்ணி. கழுவி வைச்சிருக்கிறன்.”

“அது இருக்கவேணுமோ தெரியேல்லை.”

“பழைய தண்ணிக்குள்ளை ஊறப்போட்டு வைக்க அதென்ன ஊறுகாயோ? சும்மா வேலையைப் பார்.”

அவள் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதோடு அந்தக் கதை முடிந்தது.

இன்னொன்றும் நடந்தது. மீற்றர் சரியாகக் காட்டுகிறதா என்று கிழமைக்கு ஒருதரம் இரண்டு போத்தல் திரவத்தில் சரிபார்க்கவேண்டும். ஒன்றில் வைத்தால் ஏழு காட்டவேண்டும், மற்றதில் நாலு. நாலுக்கான போத்தல் முடிந்துபோயிருந்தது. புதிது வருவதற்குச் சுணங்கியது. ஏழில் வைத்தால் சரியாக ஏழு காட்டியது. கொப்பியில் இரண்டு கட்டம் இருக்கிறது, ஒன்றை வெறுமையாக விட அவள் பயந்தாள். “பெரியவளிட்டைச் சொல்லட்டோ?” என்று கேட்டாள். பெரியவள் என்று நாங்கள் எங்களுக்குள் சொல்லுவது பொறுப்பாளரை. நான் ஒரு செடியின் அடி இலையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே, “ஏழு சரியெண்டால் நாலும் சரிதான். எழுதிவிடு. போத்தல் வந்தாப் பிறகு பாப்பம்” என்றேன். எழுதினாள். அடுத்தடுத்த கிழமைகளிலும் எழுதினாள்.

மஞ்சள் அதற்குப் பிறகுதான் விழுந்தது. முதலில் மூலையில் நின்ற நாலைந்து செடிகளில், அடி இலைகளில், நரம்புக்கு இடையில். பார்த்த உடனே சொன்னேன், மக்னீசியம். இந்த மாதிரி லைற்றுக்குக் கீழே செடி அதிகமாகக் கேட்கும், எல்லா அறையிலும் கண்டிருக்கிறேன். பொறுப்பாளரிடம் சொல்லி, மக்னீசியத்துக்கு எப்சம் உப்பு கூடுதலாகப் போடவைத்தேன். ஒரு கிழமை பொறுத்தோம். மஞ்சள் நிற்கவில்லை, மேலே ஏறியது. இலைகளில் துரு மாதிரிச் சின்னச் சின்னப் புள்ளிகள் வந்தன. கல்சியமும் குறைவு என்றேன். அதையும் கூட்டினோம். இலை நுனிகள் கருகத் தொடங்கின.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்கவேண்டும். குறையும் கூடுதலும் ஒரே செடியில் ஒரே நேரத்தில் வருகிறதென்றால் பசளையில் பிழையில்லை, தண்ணீரில் பிழை. இது முதலாம் வகுப்புப் பாடம். தக்காளியில் நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஆனால் கண்ணை நம்பிப் பழகியவளுக்குக் கண் சொல்லுவதுதான் காதில் விழும். மன்னார்க்காரி இரண்டு தரம் சொன்னாள், “அக்கா, அமிலம் முந்தியைவிடக் கனக்க முடியுது. ஒரு போத்தல் ஒரு கிழமைக்கும் காணுதில்லை.” “தண்ணியிலை சுண்ணாம்பு கூடியிருக்கும்” என்று நான் அவளுக்குப் பதில் வைத்திருந்தேன். எல்லாவற்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது. மண்டைக்கனம் பிடித்தவளுக்குக் கேள்விதானே இல்லை.

அந்த மாதம் முடிவதற்குள் முப்பது செடிகள் இலை உதிர்த்து நின்றன. பசளைக் கம்பனியிலிருந்து ஆலோசகர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். ஓய்வுபெறுகிற வயதில் ஒரு டெனிஷ்காரர், முழங்கால் நோவுக்காரர் போலிருக்கிறது, நொண்டி நொண்டி வந்தார். இலையைப் பார்க்கவே இல்லை. நேரே தொட்டிக்குப் போய், தன் சட்டைப் பைக்குள்ளிருந்து தன்னுடைய மீற்றரை எடுத்து வைத்தார். நாலு தசம் ஐந்து. எங்களுடையதை அதே தண்ணீரில் வைத்தார். ஐந்து தசம் எட்டு. ஒரு மாதமாக நாங்கள் செடிகளின் வேருக்கு அமிலத்தை ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறோம்.

அவர் எங்களுடைய மீற்றரின் நுனியை மூக்கருகில் பிடித்துப் பார்த்தார். பிறகு கோபமில்லாமல், சமையல் குறிப்புச் சொல்லுகிற மாதிரிச் சொன்னார். “இது செத்துப்போய்விட்டது. இந்தக் கண்ணாடி எப்போதும் உப்புத் திரவத்துக்குள் இருக்கவேண்டும். மூடிக்குள் விடுவது அதற்குத்தான். யாரோ இதைக் காயவைத்திருக்கிறார்கள். காய்ந்தால் ஏழில் சரியாகத்தான் காட்டும், கீழே போகப்போகப் பொய் சொல்லும்.”

சிங்குக்குப் பக்கத்தில் நான் விரித்து வைத்திருந்த ரிஷூ அங்கேயே கிடந்தது.

“யார் இதைக் கையாளுகிறீர்கள்?” என்று பொறுப்பாளர் கேட்டாள்.

நாங்கள் நாலு பேர் நின்றோம். ஆலோசகர், பொறுப்பாளர், நான், மன்னார்க்காரி. அவள் என்னைப் பார்த்தாள். ஒரே ஒரு பார்வை, குற்றம் சாட்டுகிற பார்வையும் இல்லை. நான் செடியைப் பார்த்தேன். எனக்கு வீட்டுக் கடன் இருந்தது என்றோ, பயம் என்றோ சொல்லலாம். அதெல்லாம் பொய். என் கண்ணைப் பற்றி எல்லாரும் வைத்திருந்த மதிப்பு ஒரு ரிஷூக் கடதாசியில் போய்விடும் என்ற வெட்கம்தான். வெறும் வெட்கம். அதற்குள் பொறுப்பாளர் கொப்பியைத் திறந்தாள்.

நாலுக்கான போத்தல் அலுமாரியில் இல்லை என்பதைக் கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு நிமிடம்கூட எடுக்கவில்லை. போத்தல் முடிந்த பிறகும் கட்டத்தில் நாலு, நாலு, நாலு என்று வரிசையாக இருந்தது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மன்னார்க்காரியின் கையெழுத்து. “இதை நீயா எழுதினாய்?” என்று கேட்டாள். மன்னார்க்காரி ஆம் என்றாள். “அளக்காமலா?” அதற்கும் ஆம் என்றாள். என் பெயரை எடுக்கவே இல்லை. எங்கள் ஆட்கள் தங்களுக்குள்ளே மயிரைப் பிடித்துச் சண்டை போடுவார்கள், ஆனால் வெள்ளைக்காரருக்கு முன்னால் ஒருவரை ஒருவர் காட்டிக்கொடுக்கமாட்டார்கள். காட்டிக்கொடுப்பது என்ற சொல்லுக்கு எங்களிடம் இருக்கிற பாரம் இங்கே யாருக்கும் விளங்காது. அவள் அந்தப் பாரத்தை மதித்தாள். நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

செடி செத்ததை மன்னித்திருப்பார்கள் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். மருந்துக் கம்பனியில் அளக்காத எண்ணை எழுதியதை மன்னிக்கமாட்டார்கள். அவள் மணித்தியாலச் சம்பளத்தில் வேலை செய்தவள், நிப்பாட்ட நீண்ட முன்னறிவித்தல் ஒன்றும் தேவையில்லை. வெள்ளிக்கிழமையோடு முடிந்தது. அவள் விண்ணப்பம் போட இன்னும் ஆறு மாதம் மிச்சம் இருந்தது.

அன்று வீட்டுக்குப் போகிற வழியில் மழை. வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. ஒருதரம் நான் வாயைத் திறந்து, “வேறை வேலை பாப்பம்” என்றேன். “ஓம்” என்றாள். அவளுடைய வீட்டு வாசலில் காரை நிறுத்தினேன். அவள் உடனே இறங்கவில்லை. மடியில் பையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். நான் எஞ்சினை நிறுத்தவும் இல்லை. “சரி அக்கா, வாறன்” என்று சொல்லி இறங்கிப் போனாள்.

அடுத்த கிழமை தாய்ச் செடிகளை அழித்தோம். இந்தச் செடியைச் சும்மா எறிய முடியாது. வேரோடு பிடுங்கி, தராசில் நிறுத்து, அரைத்து, இரண்டு பேர் பார்த்துக் கையெழுத்து வைக்கவேண்டும். வேர்கள் வெள்ளையாக இருக்கவேண்டியவை, தேயிலைச் சக்கை நிறத்தில் வழுவழுத்து வந்தன. அறுபதையும் நான் பிடுங்கினேன். இரண்டாவது கையெழுத்தை ஒரு டெனிஷ் பிள்ளை வைத்தாள். “பாவம் உன் சிநேகிதி, இப்படிச் செய்துவிட்டாளே” என்றாள். நான் பேனாவை வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

வேறு வேலை கிடைக்கவில்லை. கிடைக்கவில்லை என்பதும் சரியில்லை. பக்கத்து ஊரான வெய்லேயில் ஒரு மீன் பதனிடுகிற இடத்தில் எடுக்கத் தயாராக இருந்தார்கள். நானே போன் பண்ணிக் கேட்டேன். தனியாக பஸ்ஸில் போய்வர அந்த மனிசன் விடவில்லை. தொழிற்சங்கத்தில் விசாரித்தேன், கையெழுத்து அவளுடையதாக இருந்தால் தாங்கள் ஒன்றும் செய்ய ஏலாது என்றார்கள். பிறகு அவளுடைய போன் நம்பர் வேலை செய்யவில்லை. கோயிலில் ஒருதரம் கண்டேன். மனிசனுக்குப் பக்கத்தில் நின்றாள். தைப்பனிக்குக் கழுத்து மூடிய சட்டை எல்லாரும்தான் போட்டிருந்தார்கள், ஆனாலும் நான் அவளுடைய கழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

இரண்டரை மாதம் கழித்து பொறுப்பாளரின் கதவைத் தட்டி எல்லாவற்றையும் சொன்னேன். மீற்றரைக் கழுவிக் காயவைத்தது நான், நாலு என்று எழுதச் சொன்னதும் நான் என்று. சொல்லும்போது அழுகை வந்தது. எனக்கு அழுகை வந்தால் கோபமும் சேர்ந்து வரும், மேசையில் தட்டித் தட்டிச் சொன்னேன். அவள் கடைசிவரை கேட்டாள். பிறகு ஒரு கோப்பை தண்ணீர் எடுத்துத் தந்தாள். “சொன்னதற்கு நன்றி. அது சுகமான காரியம் இல்லை. ஆனால் எழுதியது அவள், கையெழுத்து வைத்தது அவள். அந்த விஷயம் முடிந்துவிட்டது. அந்த இடத்துக்கு ஆளும் எடுத்துவிட்டோம்” என்றாள். “என்னை வேலையால் நிப்பாட்டவில்லையா?” என்று கேட்டேன். “உன்னைப் போல் இலை பார்க்கிற ஆள் எங்களிடம் வேறு யார்?” என்றாள். எனக்கு இரண்டு நாள் பயிற்சி வகுப்பு ஒழுங்கு செய்தார்கள். அளவுமானிகளைப் பராமரிப்பது எப்படி என்று.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு பெட்டி பலகாரம் வாங்கிக்கொண்டு அவளுடைய வீட்டுக்குப் போனேன். மனிசன்தான் கதவைத் திறந்தான். “வாங்கோ அக்கா, வாங்கோ. கண்டு கனகாலம்.” என் மேலங்கியைத் தானே வாங்கிக் கொழுவினான். “இப்ப வீட்டோடை ஆறுதலா இருக்கிறா. அந்தக் கஞ்சா வேலை எங்களுக்குச் சரிவராது எண்டு நான் முந்தியே சொன்னனான்” என்றான். நான் ஓம் ஓம் என்று தலையை ஆட்டினேன். அவனுக்கு முன்னால் எனக்கு வேறு என்ன வரும்?

அவள் குசினியில் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்திருந்தாள். இடது கையின் இரண்டு விரல்களைச் சேர்த்துப் பிளாஸ்ரர் சுற்றியிருந்தது. கூடத்தில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்ததால் கிட்டப் போய்ச் சொன்னேன். மீற்றரைக் காயவைத்தது நான்தான் என்று பெரியவளிடம் சொல்லிவிட்டேன், ஆனால் ஒன்றும் மாறவில்லை, என்னை மன்னி என்று.

அவள் சீனியைப் போட்டுக் கலக்கினாள். “நீங்கள்தான் எண்டு எனக்குத் தெரியும் அக்கா.”

“அண்டைக்கேயோ?”

“மீற்றர் பாக்க வந்த கிழவன் காய்ஞ்சு போச்சு எண்டு சொன்ன உடனை.”

“பிறகேன்டி வாய் திறக்கேல்லை? நீ சொல்லியிருந்தால் என்னை நிப்பாட்டியிருப்பினம். எனக்கு என்ன வரப்போகுது? எனக்கு வீடு இருக்கு, பாஸ்போட் இருக்கு.”

“அதுதான் அக்கா” என்றாள். “உங்களுக்கு ஒண்டும் வராது. எனக்கு என்ன வரும் எண்டும் உங்களுக்குத் தெரியும். அதாலை நீங்களாச் சொல்லுவியள் எண்டு நினைச்சன். அங்கை சொல்லேல்லை. சரி, வெள்ளையளுக்கு முன்னாலை வெக்கம் எண்டு நினைச்சன். காருக்குள்ளை சொல்லுவியள், ரெண்டு பேருமாத் திரும்பிப் போவம் எண்டு நினைச்சன். வாசல்லை கார் நிண்டாப் பிறகும் பாத்துக்கொண்டு இருந்தனான்.”

அதில் கோபம் இருந்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியும். கோபத்துக்குப் பதில் சொல்ல எனக்குத் தெரியும். அவள் நடந்ததை மட்டும் சொன்னாள்.

“தேத்தண்ணி என்னாச்சு?” என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. சத்தமான குரல்கூட இல்லை. அவளுடைய தோள் இரண்டும் ஒருதரம் உள்ளே இழுபட்டன.

“இந்தா வாறன்” என்று அவள் தட்டைத் தூக்கினாள். பிளாஸ்ரர் சுற்றிய விரல்களால் சரியாகப் பிடிக்க முடியவில்லை. நான் வாங்கக் கையை நீட்டினேன். “வேண்டாம் அக்கா, நான்தான் கொண்டுபோய் வைக்கவேணும்” என்று சொல்லிவிட்டு எனக்கு முன்னால் நடந்தாள்.